இன்னொரு வால்வு

"டிரம் பிரேக்கை இனிமே நம்ப முடியாது. கழட்டிட்டு டிஸ்க் போடணும். எனக்கு அந்த வேலையைக் கத்துக்குடுங்க."

கோட்டைச்சாமி இப்படிச் சொன்னபோது ஜெசிந்தா ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தாள். பாதங்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"டிரம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"கைவிட்ருச்சு."

"எங்க வச்சு?"

"பெரும்பாறை இறக்கத்துல."

ஸ்பேனர் திரும்பும் ஓசை கேட்டது.

"உக்காருங்கண்ணே. வர்றேன்."

கோட்டைச்சாமி உட்காரவில்லை. தன் பிக்கப்பின் மேல் சாய்ந்து நின்றான்.

உருண்டை விளக்கும் நீண்ட மூக்குமாக, அவனுக்கு மீசை முளைக்கும் முன்பே ஓடத் தொடங்கிய வண்டி அது. ஒரு எஸ்டேட்டில் மழையில் நனைந்து கிடந்ததை வாங்கி, இன்ஜினைப் பிரித்துக் கட்டி, பச்சை வண்ணம் அடித்து, அதில் மலை வாழைக் குலைகளை ஏற்றிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தான். அந்த மலையில் அவன் வண்டிச் சத்தம் தெரியாத நாய் கிடையாது.

ஜெசிந்தாவின் பட்டறை சித்தரேவில், மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இருந்தது. ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் அவள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நாற்பது வயதைத் தொட்டிருந்தாள். டிரைவர்கள் எல்லாம் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். பேச்சு குறைவு. கேள்வி கேட்டால் பதில் சொல்வதைவிடக் கையில் இருப்பதை நீட்டுவதுதான் அவள் பழக்கம்.

அவள் வெளியே வந்தாள். கையைத் துடைத்தாள். பிக்கப்பின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, விரலை உள்ளே விட்டு டிரம்மைத் தொட்டாள். சுட்டது. தொட்ட வேகத்தில் விரலை எடுத்துக்கொண்டாள்.

"இப்பத்தான் மேல இருந்து இறங்குனேன்" என்றான் கோட்டைச்சாமி.

"தெரியுது."

"லோடு கூட இல்ல. வெறும் வண்டி."

"அதுவும் தெரியுது. என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

சொன்னான்.

புரட்டாசியில் முழு லோடு. பக்கத்தில் மனைவி நாகஜோதி. பாதி மலை இறங்கியபோது தீய்ந்த வாடை வந்தது. அடுத்த வளைவில் மிதித்தான். மிதி கல் மாதிரி நின்றது, வண்டி நிற்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. மலைப் பக்கமே திருப்பி, ஓடைக்குள் விட்டு, பாறையில் உரசி நிறுத்தினான். நாகஜோதிக்கு மணிக்கட்டு முறிந்தது. குலைகள் ரோடெல்லாம் சிதறின.

"அவ முறிஞ்ச கையைப் பிடிச்சுக்கிட்டே இறங்கி, 'பார்த்து வாங்க, குலையை மிதிச்சுராதீங்க'ன்னா. வேற ஒரு வார்த்தை பேசல மேஸ்திரி."

"இப்ப?"

"கை கூடிருச்சு. லைனிங் மட்டும் நான் மாத்தி மாத்தி ஓய்ஞ்சு போனேன். மாத்தின லைனிங் உடனே தேஞ்சுருது. முழு லோடு ஏத்தத் தைரியமில்ல. அரை லோடோட உருட்டிக்கிட்டு இறங்குறேன். தைப்பூசத்துக்கு மலை முழுக்கப் பழம் பழனிக்கு இறங்கணும். தோட்டக்காரங்க வேற வண்டியைப் பேச ஆரம்பிச்சுட்டாங்க."

ஜெசிந்தா வண்டியைச் சுற்றி வந்தாள்.

"டிஸ்க் நல்லதுதான்" என்றாள். "டிரம் மூடி போட்ட சட்டி. சூடு உள்ளேயே நிக்கும். டிஸ்க் திறந்த தட்டு. காத்து படும், சீக்கிரம் ஆறும். உங்க வண்டிக்கு முன்சக்கரத்துக்குப் போட்டாப் போதும். பின்னாடி டிரம்மே இருக்கட்டும்."

"எப்ப ஆரம்பிக்கலாம்?"

"நீங்கதான் செய்யணும். நான் ஸ்பேனரைத் தொட மாட்டேன்."

"அதுக்குத்தான வந்தேன். இனி யார் கையையும் நம்புறதா இல்ல."

ஜெசிந்தா அவனை ஒரு தரம் பார்த்தாள். ஜாக்கியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

காலை பஸ்ஸில் மலையிலிருந்து இறங்குவதும் சாயங்கால பஸ்ஸில் ஏறுவதுமாக நாட்கள் போயின.

டிரம்மைக் கழற்றினான். துருவேறிய போல்ட்டுகள் முரண்டு பிடித்தன. டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூ, ஸ்பிரிங், பின்தகடு எல்லாம் இறங்கின. அச்சு மட்டும் வெறுமையாக நின்றது, பல் பிடுங்கிய ஈறு போல.

வேறொரு வண்டியின் டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிபரும் பழைய சாமான் கடையில் கிடைத்தன. காலிபரை இந்த வண்டியில் உட்கார வைக்க ஓர் இரும்புத் தகடு வேண்டும். அதை அளந்து வெட்டித் துளையிட வேண்டும்.

முதல் தகடு ஒரு நூல் தள்ளிப் போயிற்று. காலிபர் ஒரு பக்கமாக உரசியது.

"கொஞ்சந்தான மேஸ்திரி. ஓடஓடச் சரியாயிராதா?"

ஜெசிந்தா இன்னொரு இரும்புத் துண்டை நீட்டினாள்.

இரண்டாவதும் சரியாக வரவில்லை. இன்னொரு துண்டு நீண்டது.

"எத்தனை தடவைதான் வெட்டுறது?"

"சரியா வர்ற தடவை வரைக்கும்."

சரியாக வந்த அன்று, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டான். சத்தமே இல்லாமல் சுற்றியது. அது தானாக நிற்கும்வரை நின்று பார்த்தான். அவனுக்கே அவன் மேல் மரியாதை வந்தது.

பழைய மாஸ்டர் சிலிண்டர் போதாது என்றாள் ஜெசிந்தா. மிதியை அழுத்தினால் பிரேக் ஆயிலைக் குழாய் வழியே சக்கரங்களுக்குத் தள்ளுவது அதுதான். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு அறை உள்ளது ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினான்.

குழாயில் இருக்கும் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட. அதற்கு நாகஜோதி வந்தாள். டிரைவர் சீட்டில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மிதி."

மிதித்தாள்.

"அப்படியே புடி. ம். விடு."

விட்டாள்.

"மிதி. புடி. விடு."

"கல்யாணமான நாள்ல இருந்து இவ்வளவு தெளிவா நீங்க எதையுமே சொன்னதில்ல" என்றாள் நாகஜோதி.

லாரிக்கு அடியிலிருந்து ஜெசிந்தா சிரிப்பது கேட்டது.

முதல் ஓட்டம் சமதரையில். அய்யம்பாளையம் வரை போய்த் திரும்பினான்.

வரும்போதே முகம் மலர்ந்திருந்தது. பட்டறை வாசலில் வேண்டுமென்றே வேகமாக வந்து மிதித்தான். வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது.

"பாத்தீங்களா மேஸ்திரி?"

ஜெசிந்தா குடத்திலிருந்து கையில் தண்ணீர் எடுத்து வந்தாள். தோசைக்கல்லில் தெளிப்பது போல டிஸ்க்கின் மேல் விரலால் சுண்டினாள்.

சுர்ரென்றது.

"வாசல்ல ஒரு தடவைதான் பிடிச்சேன்! வழியில பிரேக்கே தேவைப்படல. சமதரைதான."

"அப்ப வழியெல்லாம் யாரு பிடிச்சது?"

கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

கோட்டைச்சாமி ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரத்தைச் சுற்றினான். அசைய மறுத்தது. மிதியில் யாரும் இல்லை. ஆனாலும் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது.

காலிபரைப் பார்த்தான். குறையில்லை. டிஸ்க்கை அழுத்தும் பேட் கட்டைகள் உரசும் இடங்களைப் பார்த்தான். குறையில்லை. கடைசியில் காற்று எடுக்கும் திருகைக் கொஞ்சம் திறந்தான். ஆயில் பீய்ச்சி அடித்தது. அந்தக் கணமே சக்கரம் விடுபட்டு லேசாகச் சுற்றியது.

குழாயில் அழுத்தம் நிற்கிறது. எங்கேயோ ஒன்று அதைத் திரும்பவிடாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது.

குழாயைப் பிடித்துக்கொண்டே போனான். மாஸ்டர் சிலிண்டரின் வாய் வரை போனான். அந்த வாயைக் கழற்றியபோது உள்ளே ஒரு சின்ன ரப்பர் வால்வு இருந்தது, குருவி வாய் போல. ஜெசிந்தாவிடம் கொண்டு போனான்.

"இது எதுக்கு?"

"காலை எடுத்த பிறகும் கொஞ்சம் அழுத்தத்தை விடாமப் பிடிச்சு வைக்கிறதுக்கு. டிரம்முக்கு அது வேணும். இல்லாட்டி ஷூ ரொம்பத் தள்ளிப் போயிரும்."

"டிஸ்க்குக்கு?"

ஜெசிந்தா குடத்தைப் பார்த்தாள். தண்ணீர் சுர்ரென்றது அவன் காதில் மறுபடி கேட்டது.

"பின்பக்கத்துக்கு மட்டும் விட்டு வைக்கிறேன். முன்பக்கத்துக்கு எடுத்துர்றேன்" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

மறுபடி காற்று எடுத்தார்கள். மறுபடி அய்யம்பாளையம். திரும்பி வந்ததும் அவனே தண்ணீர் எடுத்துச் சுண்டினான். துளிகள் டிஸ்க்கின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தன.

"இனிமே கண்ணை மூடிக்கிட்டு இறங்கலாம் மேஸ்திரி!"

"கண்ணைத் திறந்துக்கிட்டே இறங்குங்க. மேல போய் முழு லோடு ஏத்திட்டு வாங்க."

தோட்டக்காரர்கள் யோசித்தார்கள். நாகஜோதி யாரையும் கேட்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அதைப் பார்த்த பிறகு குலைகளை ஏற்றினார்கள்.

இறங்கினார்கள். எந்த வளைவிலும் வண்டி மீறவில்லை. மிதித்த இடத்தில் நின்றது. விபத்து நடந்த ஓடையைத் தாண்டும்போது நாகஜோதி ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். அவ்வளவுதான். அடிவாரம் வந்து சேர்ந்தபோது கோட்டைச்சாமி சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

ஜெசிந்தா தண்ணீரோடு காத்திருந்தாள்.

சுண்டினாள். ஆவி முகத்துக்கு எழும்பியது. டிஸ்க்கின் ஓரம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பேட் தீய்ந்த வாடை வாழைப்பழ வாசத்தையும் மீறி அடித்தது.

கோட்டைச்சாமியின் சிரிப்பு இறங்கிப்போயிற்று.

"இன்னொரு வால்வு இருக்கா?"

"இருக்கு."

"எங்க?"

ஜெசிந்தா லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கோட்டைச்சாமி தேடினான். ரப்பர் குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தான். காலிபரின் உள்ளே விரலை விட்டுத் தடவினான். மிதியின் ஸ்பிரிங்கைப் பார்த்தான். மிதிக்கும் சிலிண்டருக்கும் இடையில் இருக்கும் கம்பி முழுசாகப் பின்வாங்குகிறதா என்று குப்புறப் படுத்துப் பார்த்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினால் விசிறி மாதிரி சுற்றியது.

மாட்டினான். மறுபடி மேலே போனான். மறுபடி இறங்கினான்.

சுர்ரென்றது.

மறுநாள் மொத்தத்தையும் பிரித்துத் தார்ப்பாயில் பரப்பி வைத்தான்.

"இல்லவே இல்ல மேஸ்திரி. ஒவ்வொரு திருகையும் பார்த்துட்டேன்."

"இருக்குண்ணே."

"கேலி பண்றீங்களா? பூசம் பக்கத்துல வந்துருச்சு. அங்க குலை பழுத்துக்கிட்டு இருக்கு. எங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா நம்ப மாட்டீங்க."

"பழைய டிரம்மையே திருப்பி மாட்டிக்கிட்டுப் போறேன்."

"மாட்டுங்க. அதுலயும் அந்த வால்வு இருக்கும்."

கோட்டைச்சாமி கோபத்தில் ஸ்பேனரைத் தார்ப்பாயில் எறிந்தான். டீக்கடைக்குப் போனான். டீயைக் குடிக்காமலே திரும்பி வந்தான். எல்லாவற்றையும் மறுபடி மாட்டினான். கோபத்திலும் வேலை பிசகவில்லை. ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் இறுக்கத்தில் நின்றது. ஜெசிந்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி போல்ட்டை முறுக்கி முடித்ததும் அவன் முன்னால் வந்து கையை நீட்டினாள். இந்த முறை கையில் எதுவும் இல்லை.

"சாவியைக் குடுங்க."

மலைமேல் போய் மறுபடி முழு லோடு குலைகளை ஏற்றினார்கள். ஜெசிந்தா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். நடுவில் நாகஜோதி. இடது ஓரத்தில் கோட்டைச்சாமி. தன் வண்டியில் அந்த இடத்தில் அவன் உட்கார்ந்ததே இல்லை. முன் கண்ணாடி ரொம்பப் பக்கத்தில் இருப்பது போல இருந்தது.

இறக்கம் தொடங்கும் முன்பே ஜெசிந்தா செகண்ட் கியரில் போட்டாள். இன்ஜின் உறுமிக்கொண்டு வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடித்தது.

முதல் வளைவு வந்தது.

"மிதிங்க" என்றான் கோட்டைச்சாமி.

அவள் மிதிக்கவில்லை.

"மேஸ்திரி, வளைவு."

வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு தரம் அழுத்தி மிதித்தாள். விட்டாள். வண்டி குனிந்து நிமிர்ந்து, திரும்பி, தன்பாட்டுக்கு இறங்கியது.

அடுத்த வளைவிலும் அப்படியே. ஒரு மிதி. பிறகு விடுதல். இடையில் இன்ஜினின் உறுமல் மட்டும்.

"இப்ப. இப்ப மிதிங்க. ஐயோ."

ஜெசிந்தா ரோட்டை மட்டும் பார்த்தாள்.

எதிரே பஸ் வந்தது. ஒதுங்கிக் கொடுத்தாள். மிளகுக்கொடி ஏறிய மரங்களின் நிழல் கண்ணாடி மேல் விழுந்து விழுந்து போயிற்று. விபத்து நடந்த ஓடை வந்தது. கோட்டைச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு நாகஜோதியைப் பார்த்தான். ஜன்னல் கம்பி அவளுக்கு எட்டாது, எதைப் பிடித்துக்கொள்வாள் என்று.

நாகஜோதியின் தலை அவன் தோளில் இருந்தது.

தூங்கிக்கொண்டிருந்தாள்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. முறிந்து கூடிய கை மடியில் மல்லாந்து கிடந்தது. விபத்துக்குப் பிறகு இந்த ரோட்டில் அவள் கண்ணயர்ந்து அவன் பார்த்ததில்லை. அவள் எழுந்துவிடக் கூடாதே என்று அதன் பிறகு அவன் 'மிதிங்க' என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வளைவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டே கடந்தான்.

பட்டறை வாசலில் வண்டி நின்றது. ஜெசிந்தா இறங்கிப் போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். அவன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, சுண்டினாள்.

துளிகள் உட்கார்ந்தன. ஒன்று மெல்ல வழிந்து ஓரத்தில் தொங்கியது.

தீய்ந்த வாடை இல்லை. பழ வாசம் மட்டும்தான்.

"அதே வண்டி. அதே லோடு" என்றான் கோட்டைச்சாமி. "நான் மாட்டின அதே டிஸ்க். நீங்க எதையும் தொடக்கூட இல்லையே. அந்த வால்வை எப்பத்தான் எடுத்தீங்க?"

"நான் எடுக்கல. இன்னும் அங்கதான் இருக்கு. இறங்குங்கண்ணே."

கதவைத் திறந்தான். இடது காலைக் கீழே வைத்தான். வலது கால் வரவில்லை.

இழுத்தான். கெண்டைக்கால் கல்லாக இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தான். செருப்புக்குள் விரல்கள் மடங்கியிருந்தன. காலுக்கு அடியில் இருந்த ரப்பர் விரிப்பு சுருண்டு போய், முன்தகட்டோடு ஒட்டி நசுங்கிக் கிடந்தது.

அந்தப் பக்கம் மிதி எதுவும் கிடையாது. வெறும் தகரத் தரை.

அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாகஜோதி கண்ணைத் திறந்து, "வந்துட்டமா?" என்றாள்.

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

"வால்வு கிடைச்சுதாண்ணே?"

கோட்டைச்சாமி இரண்டு கையாலும் தன் காலைப் பிடித்து, தரையிலிருந்து மெதுவாகத் தூக்கினான்.

"சாவியைக் குடுங்க மேஸ்திரி" என்றான். "மேல இன்னும் ஒரு லோடு கிடக்கு."